அனுமதி அலகு

ஸஃபாக்ஸ் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் எளிமையாக்க உயர் நிறுவனத்துக்குள் நுழைவது அவ்வளவு எளிதல்ல. வெளிவாசலில் பெயரைச் சொல்ல வேண்டும். உள்வாசலில், வெளிவாசலில் என்ன பெயர் சொன்னோம் என்பதைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் உண்டு. அதில் ஏறுவதற்கான சீட்டை நான்காம் மாடியில் தருவார்கள். நாட்டில் எது சிக்கலாக இருந்தாலும் அதைச் சுலபமாக்கித் தருவதற்கென்று அரசாங்கம் ஏற்படுத்திய நிறுவனம் அது. சுலபமான விஷயங்கள் சில உள்ளே போனதுண்டு. சுலபமாகவே திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

நஜ்வா அங்கே பொறியாளராக இருந்தாள். கம்பியில்லாத் தொடர்பு அவளுடைய படிப்பு. கெட்டிக்காரி, ஆனால் பயந்தாங்கொள்ளி. அந்தக் கட்டடத்தில் எல்லோருமே பயந்தவர்கள்தான். மற்றவர்கள் தங்கள் பயத்தை மரியாதை என்று சொல்லிக்கொண்டார்கள், அவள் பயம் என்றே சொல்லிக்கொண்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறுவனத்தின் இதயம் ஆறாம் மாடிச் சபைக் கூடம். நீள்வட்ட மேஜை, சுவரில் அந்தக் காலத்தில் எல்லாச் சுவரிலும் இருந்த அதே அதிபரின் படம், ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு மைக். பேச விரும்புகிறவர் மைக்கின் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'ஸி' என்று மரியாதை சேர்த்தே எல்லோரும் அழைக்கும் இயக்குநர் ஸி நூரித்தீன் தன் பக்கத்தில் ஒரு விசையைத் தட்டினால் இங்கே பச்சை விளக்கு எரியும். விளக்கு எரியும்போது சொன்னதுதான் பேச்சு. எரியாதபோது சொன்னது சத்தம், நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது. ஒரு கோடையில் திரைச்சீலை தீப்பிடித்து, ஒருவர் பதறிப்போய் விளக்கு இல்லாமலேயே கத்திவிட்டார். குறிப்பில் அது ஏறவில்லை. அந்தத் திரைச்சீலை இன்றைக்கும் கூடத்தின் சொத்துக் கணக்கில் இருக்கிறது, வருடம் இரண்டு முறை துவைக்கவும் செய்கிறார்கள்.

நஜ்வாவின் தம்பி ஸப்ரி கெர்க்கென்னா தீவில் எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிப்பவன். மண்கலயங்களைக் கயிற்றில் கட்டிக் கடலடியில் இறக்கி வைப்பான். கணவாய் தன் வீடு என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் படகேறித் தீவுக்குப் போனபோது, அவன் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"எல்லாம் உங்க ஆபீஸ் புண்ணியம். வியாழக்கிழமை காத்து அடிச்சுதுல்ல? படகுல நீங்க வச்ச ஆபத்துப் பெட்டியை அழுத்தி அழுத்தி விரல் பிஞ்சு போச்சு. அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அனுமதி கோரப்படுகிறது, பொறுக்கவும்.' நான் பொறுப்பேன் அக்கா, அலை பொறுக்குமா?"

"எல்லாப் படகும் ஒரே நேரத்துல அழுத்தியிருப்பீங்க. எல்லாரும் ஒண்ணா அனுமதி கேட்டா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, கரையில இருக்கிற கோபுரத்துக்கு ஒருத்தர் குரலும் புரியாது."

"பின்ன என்ன, புயல் வரிசையில நின்னா வரும்? மன்ஸூர் மாமா இன்னும் கரைக்கு வரல. நீ படிச்சவ, சொல்லு."

நஜ்வா தெருப் பக்கம் திரும்பினாள். மன்ஸூர் மாமாவின் மனைவி வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். திரும்பும் வழியெல்லாம், அடுத்த காற்றில் அந்த வாசலில் தான் நிற்க வேண்டி வருமோ என்ற பயம் அவளை விடவில்லை.

அந்தப் பயத்தில்தான் அவள் புதிய பெட்டியைச் செய்தாள். சோப்புக் கட்டி அளவு, ஒரு பொத்தான், ஒரு கம்பி. அனுமதி கேட்பது என்ற வேலையே அதற்குக் கிடையாது. அழுத்தினால் தன் படகின் பெயரையும் இடத்தையும் தனக்கென்று உள்ள ஒரு தாளத்தில் திரும்பத் திரும்ப அனுப்பும். எத்தனை பேர் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் சரி. பாரத்தையெல்லாம் கரையில் இருக்கிற கோபுரம் சுமக்கும். மீன் ஏலத்தில் முப்பது பேர் ஒன்றாகக் கத்தினாலும் ஏலக்காரர் யார் என்ன சொன்னார் என்று பிரித்துக்கொள்வதில்லையா, அதுபோல. உரக்க வருகிற குரலை முதலில் புரிந்துகொண்டு கழித்துவிட்டால் அடுத்தது தெளியும், அதையும் கழித்தால் அதற்கடுத்தது. கடைசியில் மிகத் தொலைவிலிருந்து வருகிற மெல்லிய குரல்கூட மிஞ்சும்.

சபையில் பச்சை விளக்கு எரிந்தது. இதையே அங்கே சொல்லி முடித்தாள்.

"எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க," என்றார் ஸி நூரித்தீன் மெதுவாக.

"ஆமா, ஸி நூரித்தீன்."

"யாரைக் கேட்டு?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். விளக்கு அணைந்துவிட்டது.

மறுநாள் மூன்றாம் மாடிக்கு வரச் சொன்னார்கள். அங்கே பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறை, அதில் பெயர் சொல்லாத ஒருவர். அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார், காப்பி வரவழைத்தார். அந்த உபசாரம்தான் நஜ்வாவை அதிகம் பயமுறுத்தியது.

"கீழ இருக்கிறவங்க கேக்காம கொள்ளாம எல்லாரும் ஒண்ணாப் பேசலாம். அப்படித்தானே சொன்னீங்க?"

"படகுங்க, ஐயா."

"மேல இருக்கிறது வாயை மூடிக்கிட்டு ஒவ்வொருத்தர் சொல்றதையும் பிரிச்சுப் பிரிச்சுக் காதுல வாங்கணும்."

"கோபுரம், ஐயா. நான் கோபுரத்தைச் சொல்றேன்."

"நானும் கோபுரத்தைத்தானே சொல்றேன்?" அவர் சிரித்தார். "காப்பி ஆறுது, குடிங்கம்மா."

குடித்தாள். கோப்பையைச் சாஸரில் வைத்தபோது அது டகடகவென்று ஆடியது. அவர் அந்தச் சத்தம் ஓயும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமா வர்ற குரலை முதல்ல எடுத்துத் தனியா ஒதுக்கிருவீங்களாமே?"

"ஆமா ஐயா. அப்பத்தான் மத்தவங்க குரல் விழும்."

"இந்த ஒரு விஷயம் அருமையா இருக்கு. நாங்களும் அப்படித்தான் பண்றோம்." கதவுவரை வந்து வழியனுப்பினார். "தம்பி பேரு ஸப்ரிதானே? நல்லா இருக்கானா?"

தம்பி பெயரை அவள் அந்தக் கட்டடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டியை நிறுவனம் நிராகரிக்கவில்லை. நிராகரித்திருந்தால் பிழைத்திருக்கும். மாறாக, அதை மேலும் எளிமையாக்குவதற்கு ஒரு குழு போட்டார்கள். சம்பிரதாயத் துறைத் தலைவி மதாம் ராதியா, பொத்தானை அழுத்தியதும் பெட்டி முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்றார். மூழ்குகிறவனுக்கும் மரியாதை தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஆகவே அதற்கென்று ஒரு தனிப் பாகம், வணக்க அலகு. அடையாளத் துறை, அழைப்பவர் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறாரா என்று அவரிடமே மூன்று முறை உறுதிப்படுத்தும் அலகு ஒன்றைச் சேர்த்தது. பராமரிப்புத் துறை, மற்ற அலகுகள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் அலகைச் சேர்த்தது. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், நஜ்வா வேண்டாமென்று எடுத்த அந்த அனுமதி அலகு, முன்னைவிடப் பெரிதாக வந்து உட்கார்ந்தது. கோபுரத்துக்கும் உத்தரவு போயிற்று: அனுமதி பெறாத குரல் எதையும் காதில் வாங்காதே.

"எளிமை சும்மா வந்துவிடாது, நண்பர்களே," என்று ஸி நூரித்தீன் சபையில் உரையாற்றினார். "தனி ஒருவரின் எளிமை பலவீனமானது. எல்லாத் துறைகளும் ஆளுக்குக் கொஞ்சம் எளிமையைச் சேர்த்தால்தான் அது கனமாகும். இந்தப் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். நம் உழைப்பு தெரியும்."

தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

படகுக்கு ஒரு பெட்டி என்று கொடுத்தார்கள். ஸப்ரி தன்னுடையதைப் படகில் ஏற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அக்கா, இது ஆபத்துல உதவுற பெட்டியா, ஆபத்தை உண்டாக்குற பெட்டியா? படகு ஒரு பக்கமா சாயுது பாரு. இதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

"திறந்து பாக்கிறேன், சும்மா இரு."

திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தாள். உள்ளே அழகாக வண்ணம் பூசிய தடித்த இரும்பு டப்பாக்கள் வரிசையாக இருந்தன. வணக்க அலகைத் திறந்தாள். காலி. அடையாள அலகு, காலி. பராமரிப்பு அலகில் ஒரு குருவிக்கூடு அளவுக்குப் பஞ்சு இருந்தது, வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு துறையும் தன் அலகின் நிறத்துக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன வைப்பது என்பதை அடுத்த துறையின் ஆலோசனைக்கு அனுப்பியிருந்தது. ஆலோசனைகள் மாடி மாடியாகச் சுற்றிக்கொண்டிருக்க, டப்பாக்கள் மட்டும் வந்துசேர்ந்துவிட்டன. ஓர் ஓரத்தில், யாரும் தொடாமல், அவளுடைய சோப்புக் கட்டி பொத்தானோடும் கம்பியோடும் அப்படியே இருந்தது.

நஜ்வாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸப்ரியும் சேர்ந்து சிரித்தான். பிறகு அனுமதி அலகைத் திறந்தாள், அதுவும் காலி. அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"ஏன்க்கா மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்லடா."

ஒன்றுமில்லாததுதான் விஷயம். இந்தப் பெட்டிக்கு அனுமதி கேட்கத் தெரியாது. கோபுரமோ, அனுமதி கேட்காதவன் குரலைக் காதில் வாங்காது. அதாவது தம்பி எத்தனை அழுத்தினாலும், எல்லாப் படகுகளும் எத்தனை அழுத்தினாலும், கரையில் ஒரு சத்தமும் வராது. பழைய பெட்டியாவது பொறுக்கவும் என்று சொல்லிற்று.

அடுத்த சபையில் இதைச் சொல்லிவிடுவது என்று பொத்தானை அழுத்தினாள். பச்சை வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ஸி நூரித்தீன் புதிய பெட்டியின் திறப்புவிழாப் பந்தலின் நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று சத்தம் போடலாம்தான். போட்டால் அத்தனை துறைகளின் காலி டப்பாக்களும் வெளியே வரும். அத்தனை துறைகளும் சேர்ந்து அவளை மூன்றாம் மாடிக்கு அனுப்பும். அங்கே ஒருவருக்குத் தம்பியின் பெயர் தெரியும். கூட்டம் முடியும்வரை பொத்தானில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு, விரல் சிவந்திருப்பதைப் பார்த்தாள். தம்பியின் விரல் நினைவுக்கு வந்து, தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திறப்புவிழா கெர்க்கென்னா படகுத்துறையில் நடந்தது. மந்திரியின் பிரதிநிதி தலைநகரிலிருந்து வந்திருந்தார். கம்பளம் விரித்த பந்தல், பைன் கொட்டை மிதக்கும் தேநீர், ஒலிபெருக்கிகள். படகுகள் காலையிலேயே கடலுக்குப் போய்விட்டன. உரை முடிந்ததும் இயக்குநர் கைக்குட்டையை அசைப்பார், கரையிலிருந்து கொடி காட்டுவார்கள், படகுகள் வயது வாரியாக ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்த வேண்டும். மேற்குக் காற்று வரும் என்று வானொலி முந்தின நாளே சொல்லியிருந்தது. ஆனால் நிகழ்ச்சி நிரல் அதற்கு முன்பே அச்சாகிவிட்டது, அதில் காற்று இல்லை.

நஜ்வா கோபுரத்தின் அடியில் இருந்த கருவி அறையில் நின்றாள். ஜன்னல் வழியாக மேற்கே வானம் கறுப்பதைப் பார்த்தாள். படகுத்துறையின் வாயிலில் அலை உடைய ஆரம்பித்தது. பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு அதிகாரிகள் மரியாதையான முகத்தோடு ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இந்த நிறுவனம் கடலில் உள்ள கடைசி மனிதனின் குரலையும்..." என்று ஒலிபெருக்கியில் ஸி நூரித்தீன் முழங்கினார்.

அவளுக்கு முன்னால் இருந்த திரை காலியாக இருந்தது. இந்நேரம் எல்லோரும் அழுத்திக்கொண்டிருப்பார்கள். அழுத்துகிறார்கள், கோபுரம் வாங்க மறுக்கிறது. கருவியில் ஒரே ஒரு அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு இயக்குநரின் உத்தரவு வேண்டும்.

பந்தலுக்கு ஓடினாள். மேடையருகே போய், "ஸி நூரித்தீன், ஒரு நிமிஷம், படகுங்க..." என்றாள். அவர் பேச்சை நிறுத்தாமல் ஒரு விரலை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம். அவள் நின்றாள். மழையின் முதல் துளிகள் கம்பளத்தில் விழுந்தன. "பொறுமையே நம் நிறுவனத்தின் அடித்தளம்," என்றது ஒலிபெருக்கி. விரல் இன்னும் உயர்ந்தேயிருந்தது. தம்பி கடலில் இருக்கிறான், நான் இங்கே பச்சை விளக்குக்காக நிற்கிறேன் என்று அவளுக்கு உறைத்தது. கருவி அறைக்குத் திரும்பி ஓடினாள்.

அவசரத்தில் இரண்டு முறை தவறாக அழுத்தினாள். மூன்றாவது முறை திரையில் 'அனுமதி தேவை' என்ற வரி அணைந்தது.

அடுத்த கணம், விழாவுக்காகக் கோபுரத்தோடு இணைத்திருந்த பந்தலின் ஒலிபெருக்கிகளில் இயக்குநரின் குரல் அறுபட்டு, கோபுரத்தின் உணர்ச்சியற்ற இயந்திரக் குரல் வந்தது. "நஜ்மத் அல்பஹ்ர். வடக்கு மணல்திட்டு." "பரகா. வடக்கு மணல்திட்டு." "ஹாஜ்ஜா மப்ரூக்கா. கால்வாய் முனை." ஒவ்வொன்றாக, உரத்ததிலிருந்து மெல்லியதை நோக்கி. கரையில் இருந்த மீட்புப் படகுக்காரர்கள் பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினார்கள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஸப்ரியின் படகின் பெயர் ஃபர்ஹா. அது இன்னும் வரவில்லை. அவன்தான் எல்லோரையும்விடத் தூரத்தில் கலயம் போடுகிறவன். மற்ற எல்லாக் குரல்களையும் கழித்த பிறகுதான் அவன் குரல் மிஞ்ச வேண்டும். ஒரே ஒரு குரலைத் தப்பாகக் கழித்தால்கூட அவன் அதோடு போய்விடுவான். அந்தக் கணக்கைப் போட்டது அவளேதான். தப்பு இருந்தால் அதுவும் அவளுடையதுதான்.

இயந்திரம் நின்றது. ஒலிபெருக்கியில் காற்றின் இரைச்சல் மட்டும். நஜ்வா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஃபர்ஹா," என்றது இயந்திரம், மற்றவற்றைச் சொன்ன அதே தொனியில். "தெற்கே, பழைய கலங்கரை விளக்கத்துக்கு அப்பால்."

அவள் தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள்.

எல்லாப் படகுகளும் கரைசேர்ந்தன. பந்தல் சேரவில்லை, அது கடலுக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் சபைக் கூடத்தில் விசாரணை. மூன்றாம் மாடிக்காரர் ஓர் ஓரத்தில் பாதாம் கொறித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இயக்குநர் உரையின் நடுவில், அனுமதி பெறாத குரல்களைக் கோபுரம் காதில் வாங்கியிருக்கிறது," என்றார் ஸி நூரித்தீன். "உயிர்கள் பிழைத்தன என்பது வேறு விஷயம். அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். அமைப்பை மாற்றியது யார்?"

நஜ்வா பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. எழுந்து நின்றாள்.

"நான்தான்," என்றாள்.

யாரும் திரும்பவில்லை. குறிப்பெழுதிய மதாம் ராதியாவின் பேனா அசையவில்லை. ஸி நூரித்தீன் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். "யாரும் பதில் சொல்லவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அப்போது கதவு திறந்து தலைநகரிலிருந்து வந்த தகவலைக் கொண்டுவந்தார்கள்: படகுகளைக் காப்பாற்றிய அந்த ஒரு முடிவை எடுத்த அதிகாரியை மந்திரி மனதாரப் பாராட்டுகிறார், பதக்கம் உண்டு. பிறகு எல்லாப் பொத்தான்களும் ஒன்றாக அழுந்தின. பச்சை விளக்கு வருவதற்கு யாரும் காத்திருக்கவில்லை.

"நான்தான் வாய்மொழியா சொன்னேன்!" "வணக்க அலகு இல்லேன்னா கோபுரம் திறந்திருக்குமா?" "பராமரிப்புத் துறை முன்னாடியே..." "நான் விரலைத் தூக்கினேனே, அதுதான் சைகை!" என்றார் ஸி நூரித்தீன், எல்லோரையும்விட உரக்க. உரத்த குரல்தான் முதலில் எடுபட்டது, பதக்கம் அவருக்குப் போயிற்று.

தாழ்வாரத்தில் மதாம் ராதியா அவளைக் கடந்து போகும்போது நிற்காமலே சொன்னார்: "விளக்கு எரியல. எனக்கு ஒண்ணும் காதுல விழல. வாயை மூடிட்டு வீட்டுக்குப் போம்மா."

பதக்கம் வாங்கிய கையோடு ஸி நூரித்தீன் ஓர் உத்தரவு போட்டார்: கோபுரத்திலும் ஓர் அனுமதி அலகை உடனே பொருத்த வேண்டும். கோபுரத்தைப் பற்றித் தெரிந்தவள் ஒருத்திதான். ஆகவே வேலை நஜ்வாவுக்கே வந்தது. சாயங்காலம் தீவுக்குப் போனாள்; தம்பியின் படகிலிருந்த பெட்டியைத் திறந்து, அதில் இருந்த மிகப் பெரிய டப்பாவை, அந்தக் காலி அனுமதி அலகை, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்னக்கா, திருடுறியா?"

"ஆபீஸ் சாமான்டா. ஆபீஸுக்குத்தான் போகுது."

இயக்குநர் பார்வையிட வந்தபோது, கருவி அறைச் சுவரில், கண் மட்டத்தில், அந்த டப்பா பளபளவென்று இருந்தது. அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. வெளியே காற்று எழும்ப ஆரம்பித்திருந்தது.

"அனுமதி ஒழுங்காக் குடுக்குதா?"

"குடுக்குது, ஸி நூரித்தீன். இதுவரைக்கும் யாரையும் மறுத்ததில்ல."

அவர் முகம் சுளித்தார். "அது சரியில்லையே. ஒண்ணு ரெண்டையாவது மறுக்கணும்மா. இல்லேன்னா கோபுரத்துமேல எவனுக்குப் பயம் இருக்கும்?"

"செஞ்சிடறேன்."

அவர் முன்னிலையிலேயே டப்பாவில் ஒரு சிவப்பு விளக்கையும் பொருத்தினாள். அது எரிந்தது. ஸி நூரித்தீன் அதன் எதிரே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெகுநேரம் திருப்தியோடு பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்த திரையில், அனுமதி கேட்காமலே படகுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நஜ்வா மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெயருக்காகக் காத்திருந்தாள்.